அரியரட்ணம் சொன்ன ஆட்டங்கள்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் அரியரட்ணத்தைத் தெரிந்தவர்கள் பலர். அவருடைய குரலைக் கேட்டவர்கள் மிகச் சிலர். கல்யாண விருந்துகளில் ஒரு மூலையாகப் பார்த்து உட்காருவார். பக்கத்தில் இருப்பவர் வேலையைப் பற்றி, வீட்டு வரியைப் பற்றி, மகள் லக்சனாவின் படிப்பைப் பற்றி என்று வரிசையாகக் கேட்டால், எல்லாவற்றுக்கும் சேர்த்து, யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஆமாம் என்று பொருள்படும் ஒரே ஒரு "ஓம்" வரும்.

மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆயுளில் பாதியைக் கழித்தவர் அவர். மாத்திரையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது என்பது அந்த வேலையின் சட்டம். அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார் என்பது மனைவி ராஜராணியின் நெடுநாள் புகார். "இவரிட்டைக் கறி எப்பிடி எண்டு கேட்டா, 'கறி' எண்டு சொல்லுவார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் மீது காதல் இருந்தது. அதுவும் யாரும் கேள்விப்படாத ஒரு கிளப்.

எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்கப் போனபோது அவருக்கு வாய்த்த ஊர் கார்ஸ்பி. மீன் வறுவல் கடைக்கு மேலே ஓர் அறை. அறைத் தோழனாக வாய்த்தவர் திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து வந்த பால்துரை. அறையில் ஹீட்டர் வேலை செய்யாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஊர் ஜனம் முழுவதும் ஒரே திசையில் நடப்பதைப் பார்த்து, கூட்டம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் சூடாவது இருக்கும் என்று இருவரும் பின்னாலேயே போனார்கள். போய்ச் சேர்ந்த இடம் கார்ஸ்பி டவுன் கிளப்பின் மைதானம். அன்றைக்குக் கார்ஸ்பி ஐந்து கோல் வாங்கியது, ஒன்றும் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் இவர்கள் நடுங்குவதைப் பார்த்து ஆளுக்கொரு கோப்பையில் சூடாக ஏதோ ஒரு சாறு வாங்கிக் கொடுத்து, "அடுத்த வாரம் இவ்வளவு மோசமாக இருக்காது" என்றார். அது என்ன சாறு என்று அரியரட்ணம் இன்றுவரை விசாரிக்கவில்லை. அடுத்த வாரமும் போனார்கள். அவ்வளவு மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் பழகிவிட்டது.

பிறகு அரியரட்ணம் நியூ ஜெர்சிக்கும், பால்துரை எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக டெக்சஸின் சுகர் லேண்டுக்கும் வந்து, வீடு, பிள்ளைகள், கொலஸ்ட்ரால் எல்லாம் சம்பாதித்துக்கொண்டார்கள். கார்ஸ்பி டவுன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. நாலாவது டிவிஷன். அதற்குக் கீழே விழுந்தால் லீக்கிலிருந்தே வெளியே தள்ளிவிடுவார்கள். வருடா வருடம் விழப்போய், வேறு யாராவது இன்னும் மோசமாக ஆடியதால் பிழைத்துக்கொள்ளும். சனிக்கிழமை ஆட்டம் நியூ ஜெர்சியில் காலை பத்து மணிக்கும் சுகர் லேண்டில் ஒன்பது மணிக்கும் வரும். ஆட்டம் முடிந்ததும் ஒருவருக்கொருவர் ஒரு வாட்ஸ்அப் செய்தி. பால்துரை நீளமாகத் திட்டி அனுப்புவார். அரியரட்ணம் ஒரு கட்டைவிரலை அனுப்புவார், பெரும்பாலும் கீழ்நோக்கி.

போன அக்டோபரில் பால்துரைக்கு வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துகொண்டது. இடது கண் சின்ன வயதிலிருந்தே பெயருக்குத்தான் கண். ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் வாயுக் குமிழ் ஒன்றை வைத்து, குப்புறப் படுத்தே கிடக்க வேண்டும், டிவி, போன், கம்ப்யூட்டர் எதையும் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எந்நேரமும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிற மனிதர், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார். டாக்டரிடம் போகும்போதும் குனிந்தபடியே காரில் உட்கார்ந்து, மனைவி ஜெயலீலா காரை ஃப்ரீவேயில் ஏற்றும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தார்.

அந்த வாரச் சனிக்கிழமை அரியரட்ணத்துக்கு போன் வந்தது.

"அரி, இன்னைக்கு மேட்ச் உண்டுல்லா? என்ன நடக்குன்னு ஒரு வார்த்த சொல்லிக்கிட்டே இரியேன். நான் இங்க பொணம் மாதிரி கெடக்கேன்."

அரியரட்ணம் பேஸ்மென்டில், துணி துவைக்கும் மெஷினுக்கு எதிரே பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"பந்து கார்ஸ்பியிட்டை இருக்கு" என்றார். வெகுநேரம் கழித்து, "இப்ப இல்லை" என்றார்.

"அவ்வளவுதானால?"

"அவ்வளவுதான் நடந்தது."

முதல் சில வாரங்கள் இப்படியே ஓடின. நவம்பரில் ஒரு மழை ஆட்டம். பந்து சேற்றில் சிக்கி நின்றது, ஆட்களும் நின்றார்கள். அரியரட்ணத்திடம் சொல்ல ஒன்றுமே இல்லை. மறுமுனையில் பால்துரையின் குரல் தேய்ந்துபோய் வந்தது. "ஒண்ணுமே நடக்கலியால? சரி விடு. நீ உன் வேலையப் பாரு."

அந்த "சரி விடு" அரியரட்ணத்தை என்னவோ செய்தது. கார்ஸ்பியில் தனக்கு அம்மை போட்டிருந்தபோது வாய் ஓயாமல் கதை சொல்லிச் சிரிக்க வைத்தவன் இப்படிப் பேசுகிறானே என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் அவருடைய வாயிலிருந்து, அவருக்கே தெரியாமல், ஒரு வாக்கியம் வெளியே வந்தது.

"பொறு, பொறு! பிரிக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடுறான்!"

பிரிக்ஸ் என்பவன் கார்ஸ்பியின் விங்கர். ஓடுவது அவன் தொழில் என்றாலும் அதில் அவனுக்கு அவ்வளவு நாட்டம் கிடையாது. அந்த நேரத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒருத்தனை வெட்டிப்போட்டான், ரெண்டாவது ஆளையும் வெட்டிப்போட்டான்! அடிக்கிறான்... ஐயோ! கம்பத்திலை பட்டுப் போட்டுது!"

"அடப்பாவி!" என்று பால்துரை தலையணைக்குள் கத்தினார். அந்தக் குரலில் உயிர் இருந்தது.

அன்றிலிருந்து அரியரட்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் அவருக்கும் ஒரு நேர்மை இருந்தது. ஸ்கோரில் கை வைக்கவே மாட்டார். கோல் என்றால் கோல், தோல்வி என்றால் தோல்வி. ஆனால் பந்து எப்படி உள்ளே போனது என்பது அவருடைய இஷ்டம். யாருடைய முழங்காலிலோ இடறி உருண்டு போன பந்து, அவர் வாயில் நாற்பது கஜ தூரத்திலிருந்து வளைந்து பறந்தது. எதிரணி அடித்த கோல்கள் எல்லாம் காற்றினாலும் ரெஃப்ரியின் குருட்டுத்தனத்தாலும் விழுந்தவை. ஒரு டிசம்பர் ஆட்டத்தில் மைதானத்துக்குள் நாய் ஒன்றை ஓடவிட்டு, அதை மூன்று டிஃபெண்டர்கள் துரத்தி, கடைசியில் கோல்கீப்பர் தாவிப் பிடிக்கும் வரை வர்ணித்தார்.

மேலே சமையலறையில் ராஜராணி கரண்டியும் கையுமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கணவர் தன்னிடம் பேசியதையெல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு காலைப் பேச்சுக்கு ஈடாகாது என்று அவருக்குத் தோன்றியது. விடுமுறைக்கு வந்திருந்த லக்சனா பயந்தே போனாள்.

"அம்மா, இஸ் தட் அப்பா? இஸ் ஹி ஓகே?"

"பேசாமல் இரு பிள்ளை. கேக்க நல்லா இருக்கு."

ஒவ்வொரு வாரமும் ஆட்டம் தொடங்கும் முன் அரியரட்ணம் தவறாமல் கேட்பார்: "கண் எப்பிடி?" பால்துரையும் தவறாமல் பெருமூச்சு விடுவார்: "மங்கலாத்தாம்ல இருக்கு. நீ சொல்லு."

இதற்கிடையில் கார்ஸ்பி டவுன் ஒரு காரியம் செய்தது. கோப்பைப் போட்டியில் அடுத்தடுத்து இரண்டு சுற்று ஜெயித்தது. லீக் வேறு, கோப்பை வேறு. கோப்பையில் பெரிய கிளப், சின்னக் கிளப் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கி, யாருக்கு யார் என்று எடுப்பார்கள். கார்ஸ்பிக்கு முதல் சுற்றில் ஒரு தபால்காரரும் இரண்டு பள்ளி ஆசிரியர்களும் ஆடுகிற அணி கிடைத்தது. இரண்டாவது சுற்றில் காய்ச்சலில் பாதிப் பேர் படுத்துவிட்ட அணி கிடைத்தது. மூன்றாவது சுற்றில், ஜனவரியில், லண்டனின் பெரிய கிளப் ஒன்று கார்ஸ்பியின் சொந்த மைதானத்துக்கே வருவதாகச் சீட்டு விழுந்தது. அந்த அணியின் ஒரு விரல் நகத்துக்குக் கார்ஸ்பியையே விலை பேசலாம்.

அந்தச் சனிக்கிழமை அரியரட்ணம் இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினார். லீக் ஆட்டங்கள் கிளப்பின் சொந்த ஒளிபரப்பில் வரும். இந்த ஆட்டம் வேறு ஒரு சேனலில் வந்தது. அவருடைய பழைய லேப்டாப்பில் அது நின்று நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது.

லண்டன்காரர்கள் சீக்கிரமே ஒரு கோல் அடித்தார்கள். அது ஆஃப்சைடு என்றும், உலகத்தில் நீதியே இல்லை என்றும் அரியரட்ணம் விளக்கினார். இரண்டாவது பாதியில் கார்ஸ்பிக்கு ஒரு கார்னர் கிடைத்தது.

"துரை, கேக்குதே? கார்னர்! பந்தை வைக்கிறான். நல்லா வைக்கேல்லை எண்டு திரும்ப எடுத்து வைக்கிறான். சனம் எல்லாம் எழும்பி நிக்குது..."

"கோல்! கோல்! கோல்ல்ல்!" என்று போனிலிருந்து பால்துரை அலறினார். பின்னால் ஏதோ நாற்காலி விழுந்த சத்தமும் கேட்டது.

அரியரட்ணம் திரையைப் பார்த்தார். பந்து இன்னும் மூலையில் கொடிக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"துரை" என்றார் மெல்ல. "இஞ்சை இன்னும் கார்னரே அடிக்கேல்லை."

மறுமுனையில் நாற்காலியை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "பக்கத்து வீட்டுல யாரோ கத்துனாவ... அதான் நானும்..." என்று ஒரு குரல் இழுத்தது. சுகர் லேண்டில் பால்துரைக்கு ஒரு பக்கத்து வீட்டில் மெக்சிகோ நாட்டுப் பாட்டி, மறு பக்கத்து வீடு காலி.

அப்போதுதான் லேப்டாப்பில் கார்னர் அடிக்கப்பட்டது. பந்து உள்ளே வந்தது, பத்துப் பேர் குழம்பினார்கள். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு திரும்பிய பிரிக்சின் பின்பக்கத்தில் பந்து மோதி, கோலுக்குள் போய் விழுந்தது. பிரிக்சுக்கு மற்றவர்கள் வந்து கட்டிப்பிடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

அரியரட்ணம் அந்தக் கோலை வர்ணிக்கவில்லை.

"உனக்குக் கண் தெரியுது."

பால்துரை இருமினார்.

"எப்பயிலிருந்து?"

"அரி, கோவப்படாத. டிசம்பர் ஆரம்பத்துலயே டாக்டர் டிவி பாக்கலாம்னுட்டாரு."

அரியரட்ணம் டிசம்பரை நினைத்துப் பார்த்தார். கம்பத்தில் பட்ட பந்துகள். பிரிக்ஸ் வெட்டிப்போட்ட ஆட்கள். அந்த நாய்.

"அந்த நாய்..." என்று கேட்டார்.

"நாய் ஏதுல அங்க" என்றார் பால்துரை. சிரிப்பை அடக்கிய குரல்.

அந்தச் சிரிப்புதான் வினை. அரியரட்ணம் போனை வைத்துவிட்டார். கடைசி நிமிடங்களில் லண்டன்காரர்கள் இன்னொரு கோல் அடித்து ஜெயித்ததை இருவரும் தனித்தனியாக, ஒரு வார்த்தை இல்லாமல் பார்த்தார்கள்.

அதன் பிறகு பால்துரை போன் செய்தார், அரியரட்ணம் எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினார், கட்டைவிரல்கூடத் திரும்பி வரவில்லை. பேஸ்மென்டிலிருந்து சத்தம் நின்றுபோனது. ராஜராணி பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் சோறு போடும்போது கேட்டே விட்டார்.

"என்னப்பா, அந்த மனுசனிலை என்ன கோவம்?"

"அவன் என்னை ஏமாத்திப்போட்டான்."

"நீங்கள் சொன்னது முழுக்கப் பொய். அதை அவர் கண்ணாலை பாத்தது குற்றமோ?"

அரியரட்ணம் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். உண்மையில் அவருக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். சின்னப் பிள்ளை குளியலறையில் பாடிக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே ஊரே நின்று கேட்டது போல இருந்தது.

கார்ஸ்பி டவுனும் இவர்களோடு சேர்ந்து படுத்துவிட்டது. கோப்பையில் லண்டனோடு மோதியதே போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல. பிப்ரவரியில் தோற்றார்கள், மார்ச்சில் தொடர்ந்து தோற்றார்கள். பட்டியலின் நடுவில் இருந்த அணி, ஏப்ரல் முடிவதற்குள் விழுகிற வரிசைக்கு ஒரு படி மேலே வந்து தொங்கியது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் லீக்கிலிருந்தே வெளியே.

அந்த வாரம் ராஜராணி ஜெயலீலாவுக்கு போன் போட்டார்.

"அங்கை எப்பிடி லீலா? இஞ்சை செத்த வீடு மாதிரிக் கிடக்கு."

"இங்க மட்டும் என்னக்கா வாழுது? அப்பல்லாம் அவுக டிவி சத்தத்த அணைச்சிட்டு, அண்ணன் சொல்லுததக் கேட்டுக்கிட்டே பாப்பாக. தலகாணிய வாயில வச்சிக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. டிவியில ஒரு மேட்ச், அண்ணன் வாயில ஒரு மேட்ச். அண்ணன் மேட்ச்தான் நல்லாருக்கும்பாக. அதான் கண்ணு சரியாப்போச்சுன்னு சொல்லவே இல்ல. சொன்னா அண்ணன் நிறுத்திருவாகன்னு பயம். இப்ப டிவிய போடுதாக, பத்து நிமிசத்துல எந்திரிச்சுப் போயி புல்லு வெட்டுதாக. வெட்டுத அளவுக்குப் புல்லே இல்லக்கா."

ராஜராணி இதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் கணவரிடம் ஒப்பித்தார். அரியரட்ணம் கேட்டுக்கொண்டே பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனார். ஆனால் "என்ரை மேட்ச்தான் நல்லா இருக்கெண்டு சொன்னவனாமோ?" என்று கொஞ்ச நேரம் கழித்து வந்து கேட்டார். கேட்டுவிட்டு, காரைக் கழுவப் போய்விட்டார்.

மே மாதம், சீசனின் கடைசிச் சனிக்கிழமை. பத்து மணிக்குச் சற்று முன்னால் பேஸ்மென்டில் போன் அடித்தது. அரியரட்ணம் அதை அடிக்க விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிற்கப்போகிறது என்று தோன்றியபோது எடுத்தார்.

"அரி. டிவிய ஆஃப் பண்ணிட்டேன். ரிமோட்ட லீலாட்ட குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டேன். சொல்லு."

"உனக்குத்தான் கண் தெரியுதே. பார்."

"பாத்தா நல்லா இல்லல."

அரியரட்ணம் போனை ஸ்பீக்கரில் போட்டார். "இண்டைக்கு உள்ளதை மட்டும்தான் சொல்லுவன்."

"உள்ளதையே சொல்லு."

உள்ளது மிக மோசமாக இருந்தது. "பந்து வெளியிலை போட்டுது" என்றார் அரியரட்ணம். "எறிஞ்சாங்கள். திரும்பவும் வெளியிலை போட்டுது."

"பெறகு?"

"திரும்பவும்."

"நல்லாருக்குல. பிரிக்ஸ் எங்க?"

"வெளியிலை பெஞ்சிலை இருக்கிறான். வாழைப்பழம் சாப்பிடுறான்."

"நெசமாவா?"

"சத்தியமா. இப்ப தோலை எங்கை போடுறதெண்டு தெரியாமல் முழிக்கிறான்."

பால்துரை விழுந்து விழுந்து சிரித்தார். அரியரட்ணத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்றும் கூட்டாமலே கதை ஓடுகிறது என்பது அவருக்குப் புதுச் செய்தி. கோல்கீப்பரின் சாக்ஸ் ஒன்று கீழே இறங்கிக் கிடப்பதைச் சொன்னார். கோச் தன் நோட்டுகளைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைச் சொன்னார். இரு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிவை நெருங்கியது. அப்படியே முடிந்தால் கார்ஸ்பி தப்பித்துவிடும்.

"துரை! எதிர்ப்பக்கத்தான் வாறான். கீப்பர் முன்னுக்கு வந்திட்டான், விழுந்தும் போனான். அடிச்சிட்டான்! கம்பம்! இந்தக் கம்பத்திலை பட்டு... கோட்டிலை உருளுது... அங்காலைக் கம்பத்திலையும் பட்டு..."

"லே! கூட்டிச் சொல்லாத!"

"கூட்டேல்லையடா! கீப்பர் எழும்பேலாமல் இருந்தபடியே அரக்கி நகர்ந்து போய்ப் பந்துக்கு மேலை குந்தியிருக்கிறான்!"

"பொய்! நாயக் கூட நம்பலாம், இத நம்ப முடியாது! லீலா! அந்த ரிமோட்ட எடு! லீலா!"

"தர மாட்டேன்" என்று தூரத்தில் ஜெயலீலாவின் குரல் கேட்டது. "கெஞ்சினாலும் தரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார். கார்ஸ்பி ஒரு கோலும் அடிக்காமல், ஒரு கோலும் வாங்காமல், நாலாவது டிவிஷனில் இன்னொரு வருடம் இருக்க இடம் பிடித்தது. டெக்சஸில் பால்துரை அதை அரியரட்ணத்தின் வாக்கை நம்பியே கொண்டாட வேண்டியதாயிற்று.

ஜூலையில் பால்துரையும் ஜெயலீலாவும் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு கல்யாணத்துக்கு வந்து, மான்மவுத் ஜங்ஷனில் தங்கினார்கள். அந்தச் சனிக்கிழமை காலை கார்ஸ்பி டவுன் புது சீசனுக்கு முன்னோட்டமாக ஓர் ஆட்டம் ஆடியது. நண்பர்கள் இருவரும் பேஸ்மென்டில் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள். சற்று நேரத்தில் இருவரும் நெளிந்தார்கள். பால்துரை எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார்.

"ம், ஆரம்பி."

ராஜராணி வடைத் தட்டோடு இறங்கி வந்தபோது, ஒருவர் கையை வீசி வீசிக் கத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் துணி துவைக்கும் மெஷினைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு "அடி, அடி!" என்றார். ராஜராணி தட்டை மெஷின்மேல் வைத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்து தானும் ஒரு வடையை எடுத்துக்கொண்டார்.